சிவப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: மலையகக் குட்டைகளின் செந்தும்பிகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 6 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் மூன்று படங்களை அனுப்பி இப்படிக் கேட்டிருந்தார்: "சேர், எங்கள் பாடசாலைக்குக் கீழே, மரக்கறிப் பாத்திகளுக்குத் தண்ணீர் அள்ளும் சிறிய குட்டை ஒன்று இருக்கிறது. வெயில் ஏறினால் அங்கே சிவப்புத் தும்பிகள் வருகின்றன. பிள்ளைகள் மிளகாய்த் தும்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசிச் செயலியோ 'குரோகோதெமிஸ் சர்விலியா' என்கிறது. அது சரிதானா? அதே குட்டையில் மஞ்சளாக ஒன்றும் சுற்றுகிறது. அது வேறு இனமா? குட்டையில் நுளம்பு பெருகுகிறது, மண் போட்டு மூடுங்கள் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

டீச்சர், விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை ஆறுதலாகப் பார்ப்போம். முதல் படத்தில் இருப்பது செயலி சொன்ன தும்பி அல்ல. அது ஓர்தெட்ரம் புருயினோசம் என்னும் இனத்தின் முதிர்ந்த ஆண். இரண்டாவது படத்தில் உள்ள மஞ்சள் தும்பி பெரும்பாலும் அதே இனத்தின் பெண். மூன்றாவது படம் நீங்கள் கொத்மலை ஓயாக் கரையில் எடுத்தது. கல்லின் மேல் சிறகுகளை முன்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ரோசாச் சிவப்புத் தும்பி திரிதெமிஸ் அவுரோரா. ஆகவே பிள்ளைகள் மிளகாய்த் தும்பி என்று ஒரே பெயரால் அழைப்பதில் குறைந்தது இரண்டு இனங்கள் இருக்கின்றன.

சிவப்புத் தும்பியைக் கண்டதும் நம் கண் சிவப்பிலேயே நின்றுவிடுகிறது. இனம் காண விரும்புகிறவர் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பு உடம்பில் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதைத்தான். படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை என்று எங்கே கண்டாலும் 'செந்தும்பி' என்ற ஒரே சொல்லைத்தான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் கண்டி வாவியின் கரையில் இரண்டு செந்தும்பிகள் ஒரு முழ இடைவெளியில் இரண்டு கோரைத் தண்டுகளில் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக் கழுத்துவரை சிவப்பு. மற்றதற்கு வயிற்றோடு சிவப்பு முடிந்து, மார்பு மங்கிய ஊதாவாக இருந்தது. இரண்டும் சிவப்புதான், ஆனால் இரண்டும் வேறு. அன்றிலிருந்து நான் எழுதும் முதல் குறிப்பு 'மார்பு என்ன நிறம்' என்பதுதான்.

பிள்ளைகளுக்கு உடம்பின் பகுதிகளை முதலில் காட்டிவிடுங்கள், பிறகு எல்லாம் இலகுவாகும். பெரிய கண்களோடு கூடிய தலை. அதற்குப் பின்னால் நான்கு சிறகுகளும் ஆறு கால்களும் முளைக்கிற, கட்டையான மார்பு. அதற்குப் பின்னால் நாம் வால் என்று சொல்லிப் பழகிய நீண்ட வயிறு. அது வால் அல்ல. இரைப்பையும் குடலும் இனப்பெருக்க உறுப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதில் பத்து கண்டங்கள். சிறகில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உடம்போடு ஒட்டுகிற அடிப்பகுதி: அங்கே தேன் நிறத்திலோ கருமையாகவோ படிந்த கறை இருக்கிறதா? மற்றது, சிறகின் நரம்புகளின் நிறம். உட்காரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருப்பவை தும்பிகள். மெலிந்த உடம்போடு, சிறகுகளை முதுகின் மேல் மடித்து வைக்கும் ஊசித்தும்பிகள் வேறு கூட்டம். அவற்றிலும் சிவந்தவை உண்டு என்பதால் பிள்ளைகள் குழம்பக்கூடும்.

இனி உங்கள் முதல் படத்துக்கு வருகிறேன். அந்த ஆண் தும்பியின் வயிறு நல்ல பழமிளகாய்ச் சிவப்பு. இலேசான ரோசா சாயலும் அதில் உண்டு. ஆனால் மார்பைப் பாருங்கள். செம்மண் நிறத்தின் மேல் சாம்பல் கலந்த ஊதா பூசியதுபோல் இருக்கிறது. கண்கள் மேற்புறம் கருநீலம். சிறகுகள் கண்ணாடிபோல் தெளிந்தவை; பின்சிறகின் அடியில் மட்டும் சிறிய, இருண்ட செம்பழுப்புக் கறை. இவ்வளவும் சேர்ந்தால் ஓர்தெட்ரம் புருயினோசம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் நாட்டிலும் இந்தியாவிலும் காணப்படுவது அதன் நெக்லெக்டம் என்னும் துணையினம். குட்டை, வாய்க்கால், கிணற்றடி, மெதுவாக ஓடும் ஓடை, எதையும் இது வேண்டாம் என்று சொல்வதில்லை. மலையகத்தில் சிவப்புத் தும்பி ஒன்றைக் கண்டால் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு விளக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இலத்தீனில் புருயினா என்றால் உறைபனி. புருயினோசம் என்றால் உறைபனி படிந்தது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிகிற துகள் உறைபனியை உங்கள் பிள்ளைகளில் சிலராவது கண்டிருப்பார்கள். முதிர்ந்த ஆண் தும்பியின் மார்பில் படிவதும் அதுபோன்ற வெண்பொடிதான். ஆனால் அது மெழுகு. உடம்பே மெழுகைக் கசியவிட்டு மேலே பூசிக்கொள்கிறது. செம்பழுப்பு மார்பின் மேல் அந்தப் பொடி படியும்போதுதான் நம் கண்ணுக்கு ஊதா தெரிகிறது. தும்பி முதிர முதிரப் பொடி கூடும். அதனால் ஒரே குட்டையில் ஒரு ஆணின் மார்பு செம்பழுப்பாகவும் இன்னொன்றின் மார்பு நீலம் கலந்த சாம்பலாகவும் இருப்பதைக் கண்டு இரண்டு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பெயரை 1839 இல் ஜேர்மானிய விலங்கியலாளர் புர்மைஸ்டர் வைத்தார். உங்கள் மூன்றாவது படத்துத் தும்பிக்கும் அதே ஆண்டில் அவரே பெயர் வைத்தார் என்பது ஒரு நல்ல பொருத்தம்.

செயலி ஏன் தவறியது? குரோகோதெமிஸ் சர்விலியா இதே அளவில், இதேபோல் தண்டின் நுனியில் உட்காரும் சிவப்புத் தும்பி. தாழ்நாட்டு வயல், குளம், சதுப்பு எங்கும் மிகச் சாதாரணமாக இருக்கும். மத்திய மலைநாட்டின் கீழ்ப்பகுதிகளிலும் காணலாம். அதைப் படம் எடுத்தவர்கள் ஏராளம் என்பதால் செயலி அதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. ஆனால் அதன் ஆணுக்குச் சிவப்பு எங்கும் நிற்பதில்லை. முகம் சிவப்பு, கண்ணின் மேற்பாதி சிவப்பு, மார்பு சிவப்பு, கால்கள்கூடச் சிவப்பு. பின்சிறகின் அடியில் தேன் நிறக் கறை. இத்தனைக்கும் நடுவே, வயிற்றின் மேல் முதுகெலும்பு ஓடும் இடம்போல், மெல்லிய கருங்கோடு ஒன்று நீளவாக்கில் இறங்குகிறது. இந்தக் கோடு அதன் கையெழுத்து. பக்கவாட்டில் எடுத்த படத்தில் அது விழாது. நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் படம் சற்றே மேலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, வயிற்றின் முதுகு தெளிவாகத் தெரிகிறது, அங்கே கோடு இல்லை. மார்பைப் பார்க்காமல் விட்டிருந்தாலும், இந்த ஒன்றை வைத்தே செயலி சொன்ன விடையை விலக்கியிருக்கலாம்.

மூன்றாவது படத்தில் சிவப்பு உடம்போடு நிற்கவில்லை. பெரிதாக்கிப் பாருங்கள், சிறகின் நரம்புகள் ஒவ்வொன்றும் சிவப்பு நூலால் பின்னியதுபோல் இருக்கின்றன. திரிதெமிஸ் அவுரோராவின் ஆணுக்கு அதுதான் அடையாளம். உடம்பின் நிறமும் மிளகாய் நிறம் அல்ல. ஊதா கலந்த ரோசாச் சிவப்பு, பீட்ரூட் கிழங்கை நறுக்கும்போது கையில் ஒட்டும் நிறம் என்று வையுங்கள். வயிறு அடியில் சற்றுப் புடைத்து, நுனியை நோக்கி ஒடுங்குகிறது. பின்சிறகின் அடியில் அகலமான தேன் நிறக் கறை. அவுரோரா என்பது இலத்தீனில் விடியல். மலைகளின் பின்னே கிழக்கு வானம் வெளுக்கும்போது ஒரு நிமிடம் தோன்றி மறையும் நிறத்தைக் கண்டவருக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். இது ஓடும் தண்ணீரையும் விரும்பும், குட்டையையும் விரும்பும். உட்கார்ந்தவுடன் சிறகுகளை ஒன்று, இரண்டு என்று படிப்படியாக முன்னும் கீழுமாகத் தாழ்த்துவது இதன் இனத்தாரிடம் அடிக்கடி காணும் பழக்கம். வெயில் கடுமையானால் வயிற்றை நேர்செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கி, தலைகீழாக நிற்பதுபோல் நிற்கும். உச்சி வெயில் உடம்பில் படும் பரப்பைக் குறைக்கத்தான் இந்த வேலை. பிள்ளைகள் இதைக் கண்டால் தும்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேறு செந்தும்பிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உயரத்தில் அவற்றில் பல அரிது. கண்டிக்குக் கீழே இறங்கினால் உரோதெமிஸ் சிக்னாடா வரலாம். செஞ்சிவப்பு, பின்சிறகின் அடியில் கரும்பழுப்புக் கறை, வயிற்றின் கடைசிக் கண்டங்களின் முதுகில் கறுப்புப் புள்ளிகள். ரோடோதெமிஸ் ரூஃபா முழுச் சிவப்பு, ஆனால் சர்விலியாவின் கருங்கோடு அதற்கு இல்லை. டிராமியா லிம்பாட்டா உயரப் பறப்பது. பின்சிறகின் அடியில் ஓரம் கிழிந்த துணிபோன்ற கருந்திட்டு இருக்கும், கீழே நின்றே கண்டுகொள்ளலாம்.

நுவரெலியாப் பக்கம் போனால் ஒன்றை மட்டும் கவனமாகத் தேடுங்கள்: சிம்பெட்ரம் ஃபொன்ஸ்கொலொம்பி. ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் பரவலாக இருக்கும் இந்தத் தும்பி நம் நாட்டில் குளிர்ந்த உயர்நிலத்தை நாடுகிறது. இதற்கும் சிறகின் முன்பகுதி நரம்புகள் சிவப்பு என்பதால் அவுரோராவோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. கண்ணின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். அது சாம்பல் நீலமாக இருந்து, சிறகு நுனிக்கருகே உள்ள சிறு கட்டம் வெளிர் மஞ்சளாகக் கறுப்பு ஓரத்தோடு இருந்தால், அது ஃபொன்ஸ்கொலொம்பி. 1873 இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியின் புல் ஓரங்களில் நின்று, உட்காரும் ஒவ்வொரு செந்தும்பியின் கண்ணையும் தொலைநோக்கியால் பார்ப்பது நான் அலுக்காமல் செய்யும் காரியம்.

இன்னொன்றும் பிள்ளைகளை ஏமாற்றும். மழைக்கு முன்னும் பின்னும் விளையாட்டுத் திடலுக்கு மேல் கூட்டங் கூட்டமாகச் சுற்றுகிற, மஞ்சள் கலந்த செம்பொன் நிறத் தும்பி பன்டாலா ஃபிளாவெசென்ஸ். முதிர்ந்த ஆண்களின் முதுகு நன்றாகச் சிவக்கும். ஆனால் இது குட்டைத் தும்பிபோல் தண்டின் நுனியில் அமர்ந்து காவல் காப்பதில்லை. எப்போதாவது ஓய்வெடுத்தால் கிளையில் தொங்கும். உலகின் பெரும்பயணிகளில் இதுவும் ஒன்று. மாலைதீவில் வாழ்ந்த சார்ள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர், குடிநீர்க் குட்டைகூட அரிதான அந்தப் பவளத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஒக்டோபர் வாக்கில் இவை பெருந்திரளாக வந்திறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தார். அவை இந்தியப் பக்கமிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போகின்றன என்று 2009 இல் எழுதினார். உங்கள் திடலுக்கு மேல் சுற்றும் பூச்சியின் உறவுகள் நடுக்கடலில் பறக்கின்றன என்று சொன்னால், எந்தப் பிள்ளையும் அன்றைய பாடத்தை மறக்காது.

மஞ்சள் தும்பி பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் குடும்பத்துச் செந்தும்பிகளில் பொதுவாக ஆண்தான் சிவக்கிறது. பெண் மஞ்சளாக, காவியாக, பழுப்பாக இருக்கும். புல்லோடு புல்லாக மறைந்துவிடும். அதோடு, நீரிலிருந்து புதிதாக வெளிவந்த ஆணும் முதல் சில நாட்களுக்கு மஞ்சள்தான். ஆகவே குட்டையில் மஞ்சள் தும்பி ஒன்றைக் கண்டால் அது பெண்ணாகவும் இருக்கலாம், சிவக்கப்போகும் சிறுவனாகவும் இருக்கலாம். பிரித்தறிய வயிற்றின் நுனியைப் பாருங்கள். ஓர்தெட்ரம் பெண்ணுக்கு எட்டாவது கண்டத்தின் இரு பக்கமும் சிறிய மடல்போல் விரிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் வயிறு அந்த இடத்தில் திடீரென அகன்று பிறகு ஒடுங்குவது தெரியும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த அகலம் தெரிவதாக எனக்குப் படுகிறது. ஆனால் புல் ஒன்று குறுக்கே வந்துவிட்டது, அதனால்தான் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் போட்டேன். இன்னொரு படம் எடுத்தால் உறுதியாகச் சொல்வேன்.

மஞ்சள் எப்படிச் சிவப்பாகிறது? யப்பானிய ஆய்வாளர்கள் 2012 இல் இதற்கு அழகான ஒரு விடை கண்டார்கள். தும்பியின் தோலில் இருக்கும் ஓமோகுரோம் என்னும் நிறப்பொருள் ஒட்சியேற்றிய (இலத்திரனை இழந்த) நிலையில் மஞ்சளாகவும், தாழ்த்திய (இலத்திரனைப் பெற்ற) நிலையில் சிவப்பாகவும் இருக்கிறது. ஆண் முதிரும்போது அந்த நிறப்பொருள் தாழ்த்தப்படுகிறது; மஞ்சள் சிவப்பாகிறது. இதை உறுதிசெய்ய அவர்கள் இளம் மஞ்சள் ஆண்களின் உடம்பில் அஸ்கோர்பிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். அதாவது நம் தேசிக்காயிலும் நெல்லியிலும் இருக்கும் விற்றமின் சி. மஞ்சள் தும்பி சிவந்தது. அவர்கள் பயன்படுத்திய மூன்று இனங்களில் ஒன்று, உங்கள் செயலி சொன்ன அதே குரோகோதெமிஸ் சர்விலியா. உங்கள் குட்டையின் ஓர்தெட்ரம் அந்தச் சோதனையில் இல்லை. அதனால் அதற்கும் அப்படியே பொருத்திச் சொல்லாதீர்கள். ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளைகள் பிறகு உயர்தர வகுப்பில் படிக்கும்போது, இந்தத் தும்பி அவர்களுக்கு நினைவுக்கு வரட்டும்.

குட்டைக் கரையில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் படத்தில் தெரியாத பல செய்திகள் தெரியும். முதிர்ந்த ஆண் ஒரு தண்டைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, நுழைந்த இன்னொரு ஆணைத் துரத்திவிட்டு, திரும்பவும் அதே தண்டுக்கே வரும். பெண் வந்தால் இரண்டும் சேர்ந்து வளையம்போல் ஆகிச் சற்று நேரம் இருக்கும். பிறகு பெண் நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறந்து வயிற்று நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி முட்டையிடும். ஆண் அதன் தலைக்கு மேலேயே பறந்து, வேறு ஆண்கள் நெருங்காமல் காவல் நிற்கும். பொடி படிந்த ஆண்களின் வயிற்றில் சில நேரம் உரசிய தழும்புபோல் இருண்ட கோடுகளைக் காண்பீர்கள். இணைசேரும்போது பெண்ணின் கால்கள் அந்த மெழுகைச் சுரண்டிவிட்ட அடையாளம் அது. இப்படி ஒரு தும்பியின் வாழ்க்கையை அதன் உடம்பிலேயே வாசிக்கலாம்.

படம் எடுப்பது பற்றி: துரத்தாதீர்கள். அது திரும்பி வரும் தண்டைத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் குனிந்து காத்திருங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் மார்பும் கண்ணும் தெளிவாக ஒன்று, பின்சிறகின் அடிப்பகுதி தெரிய ஒன்று. இந்த மூன்று இருந்தால் மலையகத்தின் எந்தச் செந்தும்பியையும் பெயர் சொல்லிவிடலாம். தலவாக்கலையில், சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், காலை மூடுபனி கலைந்து வெயில் சுடத் தொடங்கும் பத்து மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம். தென்மேற்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் மாதங்களில் தும்பிகள் புதரிலேயே அடைந்து கிடக்கும். மாசி, பங்குனி வெயிலில் வகுப்பைக் கரைக்கு அழைத்துப் போங்கள்.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தும்பியின் வயிற்றில் நூல் கட்டிக் கல் தூக்கவைக்கும் விளையாட்டு எங்கள் காலத்தில் எல்லா லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) இருந்தது, இன்னும் இருக்கிறது. நூல் இறுகும் இடத்தில் குடலும் மூச்சுத் துளைகளும் இருக்கின்றன என்று விளக்குங்கள். விளங்கிக்கொண்ட பிள்ளை விட்டுவிடும் என்பது என் அனுபவம். சொல்லைப் பற்றியும் ஒரு கேள்வி வரலாம்: பழைய தமிழ்ப் பாடல்களில் வரும் தும்பி தேன் உண்ணும் வண்டு. இந்தப் பூச்சியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தட்டான், தட்டாம்பூச்சி என்பார்கள். உங்கள் வகுப்புக்கு வரும் சிங்களப் பிள்ளைகள் இருந்தால் பத்கூரா என்பார்கள். தும்பி தாழப் பறந்தால் மழை என்று பாட்டிமார் சொல்வதும் பார்த்துப் பார்த்துச் சொன்ன சொல்தான்: ஈரக்காற்றில் சிறு பூச்சிகள் கீழே இறங்கும்போது அவற்றைப் பிடிக்கத் தும்பியும் கீழே இறங்குகிறது.

இலங்கையில் தும்பிகளும் ஊசித்தும்பிகளும் சேர்ந்து 130 க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. உங்கள் குட்டையின் செந்தும்பிகள் அந்த அரிய கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல, ஆசியாவின் பல நாடுகளிலும் வாழ்பவை. அரியவை பெரும்பாலும் காட்டு நிழலில், பாறை நீரோடைகளில், சிவப்பின் பகட்டு இல்லாமல் ஒதுங்கி வாழும் மெலிந்த ஊசித்தும்பிகள். அதற்காகக் குட்டைத் தும்பியை மதிப்பில் குறைத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை நடந்து போகும் தூரத்தில், பெயர் கற்றுக்கொண்டு, ஆண்டு முழுவதும் பார்க்கக்கூடிய உயிர் அதுதான்.

இப்போது நுளம்பு. பெற்றோரின் பயம் நியாயமானது. அதை மதித்தே பதில் சொல்லுங்கள். குட்டையில் நுளம்பே முட்டையிடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டெங்கைப் பரப்பும் நுளம்பு நாடுவது பெரும்பாலும் சிறு பாத்திரங்களில் தேங்கிய தண்ணீரை: யோகட் கோப்பை, பழைய டயர், சிரட்டை, அடைபட்ட பீலி, லயத்துக் கூரைமேல் பாரத்துக்குப் போட்ட தகரத்தின் மடிப்பு. அங்கெல்லாம் அதன் குடம்பியை, அதாவது தண்ணீரில் வாழும் இளம் பருவத்தை, தின்ன எந்த உயிரும் இல்லை. குட்டையில் இருக்கிறது. தும்பியின் இளமைப்பருவம் முழுவதும் தண்ணீருக்கடியில்தான் கழிகிறது. அங்கே அது சேற்று நிறத்தில், சிறகில்லாமல், நுளம்புக் குடம்பிகள், தலைப்பிரட்டைகள், சிறு புழுக்கள் என்று கிடைத்ததைத் தின்று வளர்கிறது. அதன் கீழுதடு தலைக்கடியில் முகமூடிபோல் மடிந்திருக்கும்; இரை அருகில் வந்தால் கண் இமைக்கும் முன் நீண்டு பாய்ந்து பிடித்து இழுத்துவிடும். மூச்சு விடுவது குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கும் செவுள்களால்; ஆபத்து வந்தால் அந்தத் தண்ணீரையே பின்னால் பீய்ச்சி முன்னால் பாயும். வளர்ந்த தும்பியும் பறக்கும் நுளம்புகளைப் பிடிக்கும். குட்டையை மூடினால் நுளம்பு யோகட் கோப்பையில் இருக்கும், தும்பி இருக்காது.

குட்டையை வைத்திருப்பதானால் பராமரிக்கவும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் விழாமல் ஒரு வேலி முதலில் போடுங்கள். சேறு அள்ளும்போது ஒரு தடவையில் பாதியை மட்டும் அள்ளி, அந்தச் சேற்றை ஒரு நாள் கரை ஓரத்திலேயே விட்டுவையுங்கள். அதிலிருக்கும் குடம்பிகள் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பும். கோரையையும் புல்லையும் முழுக்க வெட்டிவிடாதீர்கள். ஏறி வெளிவர அவற்றுக்குத் தண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரக்கறிக்கு மருந்தடித்த தெளிகருவியை அந்தத் தண்ணீரில் கழுவ யாரையும் விடாதீர்கள். குடம்பிகளுக்கு அந்த ஒரு தடவையே போதும்.

பெற்றோர் கூட்டத்துக்கு முன் பிள்ளைகளைக் காலையில் குட்டைக்கு அனுப்பி, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தண்டுகளில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோல்களைத் தேடச் சொல்லுங்கள். முதுகு பிளந்து, கால்கள் தண்டைப் பற்றியபடியே காய்ந்திருக்கும். தும்பி அதற்குள்ளிருந்துதான் வெளியே வந்திருக்கிறது. அவற்றை எண்ணித் திகதியோடு எழுதிவைக்கட்டும். நல்ல ஒன்றைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மென்மையாக்கினால், தலைக்கடியில் இருக்கும் அந்த முகமூடியை ஊசி முனையால் மெதுவாக இழுத்துத் திறந்து எல்லாருக்கும் காட்டலாம்.